விளம்பர இடைவேளையில் பதினான்கு டிரிப்

விளம்பரம் வந்துவிட்டால் கண்டக்டரம்மாவுக்கு உட்கார நேரம் இருக்காது. டிவியில் பல்பசையோ சோப்போ தலைகாட்டினால் போதும், நறுக்கிக்கொண்டிருந்த காயை அப்படியே போட்டுவிட்டு, கையைத் துடைத்தபடி கூடத்துக்கு வந்து நிற்பாள்.

"ஐயா, வண்டி கிளம்புது."

நாற்காலியில் இருக்கும் டைம்கீப்பர் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். பேனாவை எடுத்து நோட்டில் நேரத்தைக் குறிப்பார். பிறகுதான் எழுந்திருக்கவே சம்மதிப்பார்.

அவள் கண்டக்டர் இல்லை. வீட்டுக்கு வந்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுடையது. அவர்தான் அசல் பஸ்காரர். பஸ் டிப்போ வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் முப்பத்திநாலு வருஷம் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று எழுதியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் படுத்துவிட்டன. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே பெயர் வைத்துவிட்டார். "பிடிச்சுக்குங்க, முன்னாடி நகருங்க, பார்த்து இறங்குங்கன்னு காலைலேர்ந்து இதையே சொல்றியே, நீ எந்த ரூட்டும்மா?" என்று கேட்டார். அன்று முதல் கண்டக்டர்தான். தெருவில் காய் விற்கிறவர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

நாற்பது வயது வரைக்கும் அவள் ஒரு தொழிற்சாலையில் மருந்துப் புட்டிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தொழிற்சாலை மூடியதும் ஓர் ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் நோயாளிப் பராமரிப்புப் பயிற்சிக்குப் போனாள். ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுவது, புரை ஏறாமல் ஊட்டுவது, தன் இடுப்பை ஒடித்துக்கொள்ளாமல் அடுத்தவரைத் தூக்குவது எல்லாம் அங்கே கற்றதுதான். அதற்குப் பிறகு பன்னிரண்டு பேரைப் பார்த்திருக்கிறாள். சிலர் எழுந்து நடந்து போனார்கள், சிலர் போயே போனார்கள். இரண்டுக்கும் அவள் உட்கார்ந்து அழுததில்லை. அடுத்த வாரம் அடுத்த வீடு. சாயங்காலம் ஆறு மணிக்குத் தன் வீட்டுக்குப் போய் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், கூட இருக்கும் அக்கா டிவி சீரியல் கதையை ஆதியோடு அந்தமாகச் சொல்வாள். இவள் "ம்" கொட்டுவாள், காதில் வாங்கமாட்டாள். பிறந்ததிலிருந்து ஒரு நிகழ்ச்சியையும் முழுசாகப் பார்த்தவள் இல்லை. டிவி அவளுக்குக் கடிகாரம் மாதிரி ஒரு சாமான், அவ்வளவுதான்.

இந்த டிரிப் விவகாரம் ஆரம்பித்த விதம் இது. உடற்பயிற்சி சொல்லித்தருகிறவர் வந்து, படம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். எழுந்து உட்காரு, வாசல் வரை நட, திரும்பி வா என்று ஒரு நாளைக்கு இத்தனை தடவை போட்டிருந்தது. டைம்கீப்பர் அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கண்ணாடி போடாமலும் பார்த்தார். இது சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்து டிரில் என்று சொல்லிவிட்டு, சூடான காபி டம்ளரை அதன்மேல் வைத்தார். ஒரு மாதம் அந்தத் தாள் டம்ளரைத்தான் தாங்கியது.

கண்டக்டரம்மா கெஞ்சுகிற ரகம் இல்லை. நோயாளியைக் கவனித்துப் பார்க்கிற ரகம். விளம்பரம் வரும்போதெல்லாம் இந்த மனிதர் கூரையைப் பார்க்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார், சோப்புக் கம்பெனியின் பரம்பரையையே திட்டுகிறார் என்பதைக் கவனித்தாள். ஒரு நாள் பக்கத்தில் போய் நின்று, "வண்டி சும்மா நிக்குதே ஐயா, ஒரு டிரிப் அடிச்சுட்டு வந்துடலாமா?" என்றாள்.

சொல் போய் விழவேண்டிய இடத்தில் விழுந்தது. டைம்கீப்பருக்கு உலகத்திலேயே பிடிக்காத ஒன்று சும்மா நிற்கிற வண்டி. நாற்காலியிலிருந்து தெருவாசல், தெருவாசலிலிருந்து நாற்காலி, இது ஒரு டிரிப். பழைய நோட்டு ஒன்றை வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். புறப்பாடு, வருகை, குறிப்பு என்று மூன்று கட்டம். தினமும் பதினான்கு டிரிப் ஓடியது. அவள் அவருடைய இடப்பக்கம் நிற்பாள். கையைப் பிடித்து இழுக்கமாட்டாள், தோள் நழுவிவிடும். இடுப்பில் கட்டிய பட்டையைத்தான் பிடித்துக்கொள்வாள். அவருடைய வலது கையில் நாலுகால் ஊன்றுகோல். முதலில் கோல், பிறகு சொல்பேச்சுக் கேட்காத கால், பிறகு நல்ல கால். பதினொரு மாதத்தில், முழுக்கையால் பிடித்த பட்டையை ஒற்றை விரலால் பிடித்தால் போதும் என்ற நிலைக்கு வந்திருந்தார். உடற்பயிற்சி என்ற வார்த்தையை அந்த வீட்டில் ஒருவரும் உச்சரிக்கவில்லை.

அப்போதுதான் மகன் வந்தான்.

மகன் வெளியூரில் இருக்கிறான், மாதம் ஒரு முறை வருவான். நல்ல பிள்ளைதான். அப்பாவோடு இருக்க முடியவில்லையே என்ற வருத்தத்தை அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவருவான். முதுகைப் பிடித்துவிடும் மெத்தை, மணி சொல்லும் கடிகாரம், கை வைத்தால் கத்தும் ரத்த அழுத்த மிஷின் என்று ஓர் அலமாரி முழுக்க அவனுடைய பாசம் பிரிக்காமல் கிடக்கிறது. அவன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது, அப்பா அங்கே வந்துவிட்டால் தினமும் பார்க்கலாம் என்பது அவன் கட்சி. சாகிறவரைக்கும் இந்த வீட்டில்தான் என்பது அப்பா கட்சி. அந்த முறை இரண்டு பேரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். முப்பதாவது நாள் மகன் மறுபடி வருவான். யாரும் தொடாமல், நாற்காலியிலிருந்து குளியலறை வரை அப்பா தனியாகப் போய்த் திரும்பினால் இந்த வீடு, இல்லாவிட்டால் அந்த இல்லம். அவ்வளவுதானா, எழுதிக்கொள் என்றார் டைம்கீப்பர். கையும் கொடுத்தார்.

அது வரைக்கும் சரி. அதே பயணத்தில்தான் மகன் கேபிளையும் வெட்டினான்.

இனி எல்லாம் நெட்டில்தான் அப்பா, வேண்டியதை வேண்டிய நேரத்தில் பார்க்கலாம் என்று விரல் நீளத்தில் ஒரு குச்சியை எடுத்துக் காட்டினான். குச்சியைச் சொருக டிவியில் ஓட்டை இல்லை. இருபது வருஷத்து டிவி அது. முன்பக்கம் சதுரம், பின்பக்கம் நிறைமாதக் கர்ப்பிணி, தூக்க இரண்டு பேர் வேண்டும். தட்டையாக ஒன்று வாங்கிவிடலாமே என்றதற்கு, "இது என்ன தப்பு பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டார் அப்பா. மகன் கடைக்கு இரண்டு தடவை நடந்து, தீப்பெட்டி அளவில் ஒரு கன்வர்ட்டரும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஒயரும் வாங்கிவந்தான். டிவியின் முதுகில் எந்த ஓட்டைக்கு எந்த நிறம் என்பது எப்போதோ அழிந்துபோயிருந்தது. முதலில் சத்தம் வந்தது, படம் வரவில்லை. பிறகு படம் வந்தது, நிறம் வரவில்லை. கடைசியில் எல்லாம் வந்தது, ஆனால் அகலப் படத்தைச் சதுரத்துக்குள் திணித்ததில் எல்லோரும் ஒடுங்கி நீண்டுவிட்டார்கள். பத்து வருஷமாகப் பார்த்துப் பழகிய செய்தி வாசிக்கும் பெண்ணைப் பார்த்து, "என்ன இப்படி இளைச்சுப் போச்சு, வீட்ல ஏதாவது கஷ்டமோ?" என்று டைம்கீப்பர் உண்மையாகவே கவலைப்பட்டார்.

ரிமோட்டும் மூன்றாகிவிட்டது. டிவியுடையது ஒன்று, குச்சியுடையது ஒன்று, ஒன்றுக்கும் உதவாத பழைய கேபிள் ரிமோட் ஒன்று. அதைக் கீழே வைக்க அவருக்கு மனசு வரவில்லை. கண்டக்டரம்மா மற்ற இரண்டிலும் தொடக்கூடாத பட்டன்கள்மேல் எல்லாம் காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டாள்.

இதற்கெல்லாம் முன்னால், மொட்டைமாடியிலிருந்து கேபிளைச் சுருட்டிக்கொண்டு போக வந்தவர், இருபது வருஷத்துக்கு முன்னால் அதை இழுத்துக் கட்டிய அதே கேபிள்காரர். நெட் கனெக்‌ஷனும் இப்போது அவர்தான் கொடுக்கிறார். பழையதைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, நூல் மாதிரிப் புதிதாக ஒன்றை உள்ளே இழுத்தார்.

"நீயே வெட்டி நீயே ஒட்டறியா?" என்றார் டைம்கீப்பர்.

"என்ன சார் பண்றது. முன்னாடி படம் வரலைன்னு திட்டினாங்க, இப்ப நெட் வரலைன்னு திட்டறாங்க. திட்டு மட்டும் மாறலை."

படுக்கையறை ஜன்னல் திண்டில், இரும்பு பீரோவை ஒட்டி, பச்சை விளக்கு மினுக்கும் நெட் பெட்டியை அவர் வைத்தார். கூடத்தில் மகன் அப்பாவின் தோளைத் தட்டி, "இருக்கறதிலேயே நல்ல பிளான் போட்டிருக்கேன்ப்பா. இனிமே விளம்பரமே கிடையாது" என்றான். சமையலறையில் இருந்த கண்டக்டரம்மாவுக்கும் அது காதில் விழுந்தது. நல்ல விஷயம்தானே என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை டைம்கீப்பர் ஒரு துப்பறியும் தொடரைப் போட்டார். அவள் காய் நறுக்க உட்கார்ந்தாள். காதைக் கூடத்தில் வைத்துக்கொண்டு சோப்புக்காகக் காத்திருந்தாள். காய் முடிந்தது. ஓட்ஸ் வெந்தது. இரண்டு விரிப்புகள் துவைத்துக் காயப்போட்டாயிற்று. சோப்பு வரவில்லை. பதினொன்றரைக்குப் போய்ப் பார்த்தால் மனிதர் வைத்தது வைத்தபடி இருக்கிறார், பாதம் இரண்டும் வீங்கி மினுமினுக்கிறது.

டிரிப் போகலாமா என்றாள். விளம்பரம் வரட்டும் என்றார். ஒரு பகுதி முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் பட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். திரையின் மூலையில் ஐந்து, நாலு, மூன்று என்று எண்கள் இறங்கி, அடுத்த பகுதி தானாகவே ஆரம்பித்துவிட்டது.

"ஸ்டாப்பே இல்லாத வண்டி" என்றார் டைம்கீப்பர். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் பார்த்ததில்லை. இருநூற்றுப் பத்து பகுதியாம்.

அன்றைக்கு ஓடியது மூன்றே டிரிப். மூன்றும் கழிவறைக்கு, அவசரத்துக்கு. ஆறாம் நாள் எழுந்திருக்கும்போது அவருடைய இடது முழங்கால் மடங்கியது. அவள் தன் இடுப்பைக் கொடுத்துத் தாங்கி, நாற்காலியிலேயே உட்காரவைத்தாள். பிறகு அவர், குளிர் காலம் இல்லையா, மூட்டு பிடித்துக்கொண்டது என்றார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மகன் வர இருபத்திநாலு நாள் இருந்தது.

நாளைக் கணக்குப் போட்டுச் சொன்னாள். பரீட்சைக்கு முந்தின நாள் படித்துக்கொள்ளலாம் என்றார். படத்தை நிறுத்தினாள், அவர் ஓடவிட்டார். ரிமோட்டை ஃபிரிட்ஜின் தலையில் வைத்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிவிட்டார். பன்னிரண்டு பேருக்கு ஊட்டியவள், இரண்டே மணி நேரத்தில் தோற்று ரிமோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். கடைசியில் மகனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, இதுல விளம்பரம் வர்ற மாதிரி ஏதாவது இருக்கா?"

"இருக்கு சிஸ்டர், அது மட்டமான பிளான். அப்பாவுக்கு எதுக்கு அது?"

"மட்டமானதே போதும் தம்பி."

"உங்களுக்கு ஏதாவது விளம்பரம் பார்க்கணுமா சிஸ்டர்?"

காரணத்தைச் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அப்பா ஆறு நாளாக நடக்கவில்லை, கால் மடங்குகிறது என்று சொன்னால் அவன் முப்பதாவது நாள் வரைக்கும் காத்திருக்கமாட்டான், நாளைக்கே வண்டியோடு வந்து நிற்பான். ஒன்றுமில்லை தம்பி, சும்மா கேட்டேன் என்று வைத்துவிட்டாள். இவர் போனால் அவளுக்கு அடுத்த வாரமே வேறு வீடு கிடைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பதினொரு மாதம் ஓர் ஆளை நிமிர்த்தி நிற்கவைத்துவிட்டு, துப்பறிகிறவன் ஒருத்தனுக்காக அதைக் குப்பையில் கொட்ட அவளால் முடியாது. வேலையை வீணாக்குகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது.

ஒன்பதாம் நாள் படுக்கையறையைக் கழுவிவிட்டாள். ஜன்னல் திண்டைத் துடைக்கும்போது நெட் பெட்டியில் தண்ணீர் பட்டுவிடக்கூடாதே என்று, ஒயரோடு அப்படியே தூக்கி, பீரோவுக்குள் மடித்து வைத்த விரிப்புகள்மேல் வைத்தாள். ஒயர் நசுங்காத அளவுக்குக் கதவைச் சாத்தினாள். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். கூடத்திலிருந்து டைம்கீப்பர், படம் நின்றுவிட்டது என்று கூப்பாடு போட்டார்.

போய்ப் பார்த்தாள். துப்பறிகிறவன் வாயைத் திறந்தபடி உறைந்திருக்கிறான். அவன் மூக்குமேல் வளையம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. டைம்கீப்பர் கூரையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நெட் கம்பெனியின் பரம்பரையைத் திட்ட ஆரம்பித்தார்.

அந்த முகம் அவளுக்குத் தெரிந்த முகம். அது சோப்பு விளம்பர முகம். அவள் கை தானாகப் பட்டைக்குப் போனது.

"வண்டி சும்மா நிக்குதே ஐயா."

டைம்கீப்பர் நோட்டை எடுத்தார். மணி பத்து இருபது. தூசி தட்டிக் குறித்துக்கொண்டார். கிளம்பினார்கள். வாசல் வரை போகமுடியவில்லை, பாதிக் கூடத்திலேயே திரும்பவேண்டியிருந்தது. ஆனாலும் டிரிப் டிரிப்தான்.

அவரை உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்ப் பெட்டியை வெளியே எடுத்தாள். கூடத்தில் துப்பறிகிறவன் பேச ஆரம்பித்தான். திரும்பவும் உள்ளே வைத்தாள். ஒரு நிமிஷம் பேசினான், கைவசம் இருந்ததைப் பேசி முடித்ததும் வாய் பிளந்து நின்றான். எடுத்தாள், பேசினான். இரும்பு பீரோவைத் தாண்டி நெட் வெளியே வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் படித்ததில் இந்தப் பாடம் இல்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒவ்வொரு மணிக்கும் இருபது நிமிஷத்தில் ஒரு தடவை, ஐம்பது நிமிஷத்தில் ஒரு தடவை நெட் செத்துப் பிழைத்தது. சாப்பாடும் மத்தியானத் தூக்கமும் போக, சரியாகப் பதினான்கு டிரிப். அவளுக்கு இதில் மனசாட்சி ஒன்றும் உறுத்தவில்லை. மாத்திரையைப் பொடித்து ஜாமில் குழைத்துக் கொடுத்தவள், வீட்டை விட்டு ஓடப் பார்த்த ஒரு பெரியவரிடம் வாசல்கதவு ரிப்பேர் என்று நாலு மாதம் சொன்னவள். பொய் சொல்லக் கூச்சப்பட்டால் இந்த வேலைக்கு ஆகாது. சொன்ன பொய்யை மறக்காமல் இருந்தால் சரி.

நெட் நிற்க ஆரம்பித்த மூன்றாம் நாள் டைம்கீப்பர் கேபிள்காரரை வரவழைத்துவிட்டார். அவர் வந்து டிவியின் முதுகைப் பார்த்தார், குச்சியைப் பிடுங்கிச் சொருகினார், மாடிக்கு ஏறி இறங்கினார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. படுக்கையறைக்குப் போய் நெட் பெட்டியைக் கையில் எடுத்தார். புருவத்தைச் சுருக்கினார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"என்னம்மா இது, பாச்சை உருண்டை வாசனை அடிக்குது?"

கண்டக்டரம்மா கதவை ஒருக்களித்துவிட்டு, நாலே வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கேபிள்காரர் பீரோவைப் பார்த்தார். கூடத்துப் பக்கம் பார்த்தார்.

"இருபத்தஞ்சு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். லைன் வரலைன்னு என் சட்டையைப் பிடிச்சவங்க இருக்காங்க. லைன் வரக்கூடாதுன்னு சொல்ற முதல் ஆள் நீங்கதாம்மா."

பிறகு அவரும் தொழில்காரர் அல்லவா, ஒரு புத்திமதியும் சொன்னார். இந்த ஒயருக்குள் இருப்பது கண்ணாடி இழை, மடங்கினால் ஒடிந்துபோகும், பிறகு நிஜமாகவே படம் வராது. கதவோரத்தில் துணி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவள் கால் கட்டுக்குச் சுற்றும் பட்டித்துணியை நாலாக மடித்து அந்த இடத்திலேயே ஒட்டினாள். கேபிள்காரர் முகத்தை நீட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய், தெருமுனைப் பெட்டியில் பிரச்சினை, மாசக் கடைசி வரைக்கும் இப்படித்தான் இருக்கும் என்று அறிவித்தார்.

"மாசக் கடைசி வரைக்கும்" என்றார் டைம்கீப்பர். "கரெக்டா இருபதுக்கும் அம்பதுக்கும்?"

"அந்த நேரத்துலதான் சார் லோடு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு, கேபிள்காரர் காபியைக்கூடக் குடிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டார்.

டைம்கீப்பர் நோட்டில் ஏதோ எழுதி, மூடி, தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. பதினாறாம் நாள் வாசலைத் தொட்டார். இருபதாம் நாள் பட்டையில் அவள் விரல் ஒன்றுதான். இருபத்தைந்தாம் நாளிலிருந்து அவள் பட்டையைத் தொடாமல் ஒரு அடி பின்னால் வந்தாள். ஆனால் அந்த ஒரு அடியில் அவள் இருந்தாள். அவள் இல்லாமல் அவர் எழுந்ததே இல்லை.

முப்பதாவது நாள் காலை மகன் வந்து இறங்கினான். வழக்கம்போல ஒரு பெட்டி. நெட் நின்று நின்று வருகிறது என்று அப்பா போனில் சொல்லியிருந்தாராம், சிக்னலை வீடு முழுக்க இழுத்துப் பரப்பும் கருவியாம். அதோடு முதியோர் இல்லத்தின் வழவழப்பான புத்தகம் ஒன்று. அட்டையில் புல்வெளி, புல்வெளியில் சிரித்த முகத்தோடு வெள்ளைத்தலைகள். அதை மேஜைமேல் அப்பா கண்ணில் படும்படி வைத்தான். பதினோரு மணிக்கு நடந்து பார்த்துவிடலாம்ப்பா என்றான். சரி என்று டைம்கீப்பர் துப்பறிகிறவனை ஓடவிட்டார்.

பத்து மணி பதினெட்டு நிமிஷம். கண்டக்டரம்மா பாலை அடுப்பில் வைத்திருந்தாள். பரீட்சைக்கு முன்னால் கடைசியாக ஒரு டிரிப் விட்டால் கால் இளகும் என்று எண்ணி, அடுப்பைத் தணித்துவிட்டுப் படுக்கையறைக்குப் போகத் திரும்பினாள். சமையலறை வாசற்படியை அடைத்துக்கொண்டு மகன் நின்றான்.

அவனுக்கு மனசு சரியில்லை, பேசவேண்டும் போல இருந்தது. அந்த இல்லத்தில் மாடிக்கு நாலு சிஸ்டர்கள் இருக்கிறார்கள், தோட்டம் இருக்கிறது, அப்பாவுக்கு முதலில் கோபம் வரும், பிறகு பழகிவிடும், நீங்கள்தான் எடுத்துச் சொல்லவேண்டும் என்று ஆரம்பித்தான். அவள் வலப்பக்கம் நகர்ந்தாள், அவனும் வலப்பக்கம் சாய்ந்தான். இடப்பக்கம் நகர்ந்தாள், தண்ணீர் வேண்டும் என்று இடப்பக்கம் வந்தான். அவன் தோளுக்கு மேலாகச் சுவர்க் கடிகாரம் தெரிந்தது. இருபது. இருபத்தொன்று.

கூடத்தில் துப்பறிகிறவன் எல்லோரையும் ஓர் அறையில் கூட்டிவைத்துப் பேசிக்கொண்டே இருந்தான். நிற்கவில்லை.

டைம்கீப்பர் கடிகாரத்தைப் பார்த்தார். சமையலறைப் பக்கம் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். "டிரிப் லேட்டு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நோட்டில் நேரத்தைக் குறித்தார். பிறகு நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்படி குனிந்து, வலது கையை ஊன்றி எழுந்தார்.

மகன் பேச்சை நிறுத்தித் திரும்பினான். பாய்ந்து போகப் பார்த்தவனின் முழங்கையைக் கண்டக்டரம்மா பிடித்துக்கொண்டாள். விழப்போகிறவரைப் பிடிப்பது இந்த வேலையில் சுலபமான பாடம். பிடிக்காமல் நிற்பதுதான் கஷ்டமான பாடம். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, அவள் திரும்பவில்லை.

கோல், கேட்காத கால், நல்ல கால். கூடத்தைத் தாண்டினார். படுக்கையறை நிலைப்படியில் ஒரு நொடி நின்று மூச்சு வாங்கினார், இடதுகாலைத் தூக்கி வைத்தார், உள்ளே போய்விட்டார். அங்கே பீரோக் கதவு கிறீச்சிட்டது. விரிப்புமேல் ஏதோ ஒன்றை மெத்தென்று வைக்கும் சத்தம். கதவு பட்டித்துணி வரைக்கும் சாத்தும் சத்தம். திரும்பி வரும் வழியில் குளியலறை இருந்ததால் அங்கேயும் போனார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. வெளியே வந்தார். நாற்காலியை அடைந்ததும் தொப்பென்று விழவில்லை, பின்னங்கால் நாற்காலியில் பட்டபிறகு கையை ஊன்றி, முறைப்படி உட்கார்ந்தார்.

டிவியில் துப்பறிகிறவன் எப்போதோ வாய் பிளந்து நின்றிருந்தான். கொலைகாரனை நோக்கி நீட்டிய விரலின்மேல் வளையம் சுற்றிக்கொண்டிருந்தது.

"லைன்ல பிரச்சினை" என்றார் டைம்கீப்பர் மகனைப் பார்த்து. "மாசக் கடைசி வரைக்கும் அப்படித்தான்."

மகன் ஒன்றும் விளங்காமல் படுக்கையறைக்குப் போய், பீரோவுக்குள் படுக்கை விரிப்புகள்மேல் பச்சை விளக்கோடு படுத்திருந்த நெட் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தான். அப்பா தொடைக்கடியிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார். கண்டக்டரம்மாவும் எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு மாதமாக அந்த நோட்டு அவள் கண் முன்னாலேயே இருந்தது, குறிப்புக் கட்டத்தில் என்ன எழுதுகிறார் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. நெட் நிற்க ஆரம்பித்த முதல் இரண்டு நாள், வரிக்கு வரி 'காரணம் தெரியவில்லை' என்று இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து ஒரே சொல். பீரோ. பீரோ. பீரோ. பக்கம் பக்கமாகப் பீரோ.

"கதவு கத்தும், ஒரு நிமிஷத்துல படம் நிக்கும். இதைக் கண்டுபிடிக்க இவனா வரணும்?" என்று டிவியில் இருந்தவனைக் காட்டினார். "டீக்கடை வாசல்ல மட்டும் பிரேக்டவுன் ஆகற வண்டி எத்தனை பார்த்தவன் நான்."

"அப்ப ஏன் ஐயா சொல்லலை?"

"சொன்னா நீ நிறுத்திடுவே. டிரிப் கட் ஆயிடுமே."

கண்டக்டரம்மா பொங்கிய பாலைத் துடைக்கப் போனாள். பதினோரு மணிக்கு யாரும் யாரையும் நடக்கச் சொல்லவில்லை. புல்வெளிப் புத்தகம் மகனின் பைக்குள் போனது. கொண்டுவந்த கருவியை என்ன செய்வது என்று அவன் கேட்டான். பீரோவில் இடம் இருக்கிறது, அதையும் உள்ளே வை என்றார் அப்பா.

"கண்டக்டர், அந்தக் கதவைத் திறந்து விடும்மா. யார் கொன்னதுன்னு தெரியணும்."

அவள் போய்த் திறந்துவிட்டு வந்தாள். டைம்கீப்பர் அதற்குள் அன்றைய வரியைப் பூர்த்தி செய்திருந்தார். புறப்பாடு பத்து இருபத்திரண்டு. வருகை பத்து முப்பத்தொன்று. குறிப்புக் கட்டத்தில் இந்த முறை பீரோ இல்லை. கண்டக்டர் இரண்டு நிமிஷம் லேட் என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார்.